பர்ஸில் பதிந்த பத்து ரூபாய்

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பெரியமேட்டில் கையால் தைத்த சின்னத் தோல் பர்ஸ் வாங்கினேன். ஒரு அறையில் சில்லறை, இன்னொன்றில் கார்டுகள். மூன்றே மாதத்தில் பத்து ரூபாய் நாணயத்தின் வட்டம் வெளியே புடைத்துவிட்டது. சில்லறையை எடுத்தாலும் போகவில்லை. தம்பியின் ரெக்சின் பர்ஸ் அப்படியே இருக்கிறது. என்னுடையது போலித் தோலா?"

இல்லை. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற துவர்ப்புச் சாற்றில் பதனிட்ட தோல்தான் இப்படி அச்சை வாங்கிக்கொள்ளும்.

தோலில் முக்கியமான புரதம் கொலாஜன். மூன்று அமினோ அமிலச் சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட முப்புரிக் கயிறு அது. இந்த வடிவத்தை 1954-ல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அன்று யாராவது "இதனால் என்ன லாபம்?" என்று கேட்டுப் பணத்தை நிறுத்தியிருந்தால்? அடிப்படை ஆராய்ச்சிக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, பர்ஸுக்கு வருவோம். முப்புரிகள் சேர்ந்து, காசிமேட்டில் படகு கட்டும் வடம்போல இழைக்கற்றைகளாகித் தோலுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. நடுவே டானின் என்னும் துவர்ப்புப் பொருள் புகுந்து, பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் அவற்றைப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு பிணைப்பும் பலவீனமானது. கோடிக்கணக்கில் சேரும்போதுதான் உறுதி. ஆனால் தண்ணீருக்கும் அதே பிணைப்பைப் போடத் தெரியும். ஈரம் உள்ளே போனதும் பழைய பிடிகள் தளர்ந்து, இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. காயும்போது தண்ணீர் வெளியேற, நகர்ந்த இடத்திலேயே மறுபடி பிடித்துக்கொள்கின்றன. ஈரத்தலையைப் பின்னிக்கொண்டு தூங்கினால் காலையில் முடி நெளிநெளியாக இருக்குமே, அதே சங்கதிதான். பின்பாக்கெட்டில் வியர்வையும் இருக்கிறது, உட்காரும் அழுத்தமும் இருக்கிறது. நம்மூர் வெயிலுக்கு வேறென்ன வேண்டும்!

பர்ஸ் தைப்பவர் ஒருவர் கழித்துப்போட்ட துண்டை வாங்கிவந்து நனைத்து, பத்து ரூபாய் நாணயத்தை வைத்து, மேலே அம்மிக்குழவியை ஏற்றினேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் '10' என்ற எண், கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி, குழிவாகப் பதிந்திருந்தது. விரலால் தடவித் தடவிப் பார்த்தேன், அவ்வளவு துல்லியம்!

குரோமியம் என்ற உலோகத்தின் உப்பில் பதனிட்ட தோலில் இது இவ்வளவு நன்றாக வராது. குரோமியம் இழைகளுக்குப் போடும் முடிச்சு, தண்ணீருக்கு அவிழாத முடிச்சு. அழுத்தினாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ரெக்சின் என்பது துணிமேல் பூசிய பிளாஸ்டிக், அதற்குத் தண்ணீர் குடிக்கவே தெரியாது.

வட்டம் பிடிக்கவில்லையென்றால் ஈரத்துணியால் பர்ஸ் முழுவதையும் சீராகத் துடைத்து, கனமான புத்தகத்தின் அடியில் வைத்து, அப்புறம் நிழலில் உலர்த்துங்கள். கணிசமாகக் குறையும். இழைகள் நீண்டுபோன இடத்தில் மட்டும் லேசான சுவடு நிற்கலாம். வெந்நீர் கூடவே கூடாது, தோல் சுருங்கிவிடும். முக்கியமாக, துடைப்பதற்கு முன்பே சில்லறையை எடுத்துவிடுங்கள்.