குல்தராவுக்குப் போகிறவர்களே, கொஞ்சம் கேளுங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, இரவு எட்டரை மணி இருக்கும். ஊரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, என் ஃபிரெண்ட்ஸ் நாலு பேரு ஜெய்சல்மேர் வந்திருக்காங்க. அதுல ஒருத்தன் கீழ விழுந்துட்டான். நீங்க கொஞ்சம் போய்ப் பாக்குறீங்களா?" எங்கே விழுந்தான் என்று நான் கேட்கவே இல்லை. ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம் ஆளில்லாமல் இடிந்து கிடக்கும் குல்தரா கிராமமாகத்தான் இருக்கும் என்று தெரியும். பேய் ஊர் என்று எல்லாரும் வீடியோ எடுக்கப் போவது அங்கேதான்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது. கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. முழங்கையில் தோல் உரிந்த இடத்தில் மணல் அப்பியிருந்தது. இடிந்த வீட்டுக் கூரையில் ஏறி நின்று வீடியோ எடுத்திருக்கிறான். கால் வைத்த பட்டியக்கல் இரண்டாகப் பிளந்து, அவனையும் இழுத்துக்கொண்டு உள்ளே விழுந்துவிட்டது. கூட வந்த பையன் என்னை ஓரமாகக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் கேட்டான்: "சார், நிஜமாவே அங்க ஏதாவது இருக்குமோ?"

அவனைத் திட்ட மனசு வரவில்லை. முகமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. "தம்பி, இருநூறு வருஷமா வெயில்ல கிடக்குற கல்லுப்பா அது, ஆளைத் தாங்காது" என்று மட்டும் சொன்னேன். எனக்குத் தெரிந்து இந்த ஒரு வருஷத்தில் இது மூன்றாவது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நிலத்தடி நீர்தான் என் தொழில். கிணறு அளப்பது, போர்வெல் போட இடம் பார்ப்பது, தண்ணீரின் உப்பை சோதிப்பது. கடந்த ஆறு வருஷமாக ஜெய்சல்மேர் பக்கம் வேலை. குல்தரா ஜெய்சல்மேர் நகரத்திலிருந்து சுமார் 18 கி.மீ. எங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப்பில் மாதம் ஒரு தடவையாவது அந்த வீடியோ வந்துவிடும். 1825-ல் ஒரு ராத்திரி, 84 கிராமங்களின் பாலிவால் பிராமணர்கள் மொத்தமாகக் கிளம்பி மாயமாகிவிட்டார்களாம். ஜெய்சல்மேர் அரசின் திவான் சாலிம் சிங் ஊர்த் தலைவரின் மகள் மேல் கண் வைத்தானாம். போகும்போது, இனி இங்கே யாரும் குடியிருக்க முடியாது என்று சாபம் விட்டார்களாம். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாதாம்.

இதில் எனக்குப் பொறுக்காதது அந்த 'ஒரே ராத்திரி'தான். ஏன் என்று சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

அந்த ஊருக்கு மக்கள்தொகைக் கணக்கு இருக்கிறது. வீட்டு இடிபாடுகளை எண்ணி, 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே 1,588 பேர் வாழ்ந்திருக்கலாம் என்று கணித்தவர் அலிகர் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ரெஸாவி. அடுத்த கணக்கு 1815-க்கு உரியது. ராஜபுதன வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் டாட், விவரம் தெரிந்த உள்ளூர்க்காரர்களிடம் கேட்டு 200 குடும்பம், 800 பேர் என்று குறித்து வைத்தார். அடுத்து 1890. அப்போது மிஞ்சியவர்கள் 37 பேர்.

இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். சொல்கிற 'அந்த ராத்திரி'க்குப் பத்து வருஷம் முன்னாலேயே ஊர் பாதி காலி. அந்த ராத்திரி கழிந்து 65 வருஷம் ஆன பிறகும் 37 பேர் அங்கே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரே ராத்திரியில் எல்லாரும் போயிருந்தால் 1890-ல் அங்கே சமைத்துச் சாப்பிட்டது யார்? யாரும் குடியிருக்க முடியாத சாபம் அந்த 37 பேரை மட்டும் எப்படி விட்டது? வீடியோ போடுகிற யாருமே இதைக் கேட்பதில்லை. கணக்கு இணையத்திலேயே கிடக்கிறது. இரண்டு நிமிடம் தேடினால் கிடைக்கும்.

எங்கே போனார்கள் என்று தெரியாது என்பதும் தவறு. பாலிவால் என்ற பெயரே அவர்கள் பாலி என்ற ஊரிலிருந்து வந்தவர்கள் என்பதால் வந்தது. ஒரு தடவை ஊர் மாறி வந்தவர்கள் மறுபடியும் ஊர் மாறினார்கள், அவ்வளவுதான். அந்தப் பெயரோடு இன்றைக்கும் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. கடை வைத்திருக்கிறார்கள், ஆசிரியர்களாக இருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு பாலிவால், தன் பாட்டன் பூட்டன் ஊரைப் பேய் ஊர் என்று கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நம் சொந்த ஊரை யாராவது அப்படிச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

சரி, ஏன் போனார்கள்? கிணறுகளைப் பாருங்கள். 1815 வாக்கிலேயே குல்தராவின் கிணறுகளில் பெரும்பாலானவை வற்றிவிட்டன. 1850-ல் தண்ணீர் இருந்தது படிக்கிணற்றிலும் வேறு இரண்டு ஆழக் கிணறுகளிலும் மட்டும்தான். என்னைப் போன்றவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒரு கிணற்று விளிம்புக் கல்லில் தாம்புக் கயிறு அறுத்த தடங்கள் இருக்கின்றன. வரிசையாக, அடுத்தடுத்து. அதில் ஒன்றில் என் சுண்டுவிரல் முழுதாகப் படுத்துக்கொண்டது. எத்தனை ஆயிரம் தடவை இறைத்திருந்தால் கயிறு கல்லை அவ்வளவு ஆழம் தின்றிருக்கும்! அந்தக் கல்லைத் தாண்டித்தான் எல்லாரும் செல்ஃபி எடுக்கப் போகிறார்கள்.

ஜெய்சல்மேரில் வருஷத்துக்கு 200 மி.மீ. மழை பெய்தாலே நல்ல வருஷம். சென்னையில் ஒரு ஐப்பசியில் இரண்டு நாளில் கொட்டிவிட்டுப் போகிற அளவு. அதை வைத்துக்கொண்டு பாலிவால்கள் கோதுமை விளைவித்தார்கள். அதற்கு அவர்கள் கண்ட வழிதான் கடீன். பாறைச் சரிவில் ஓடிவரும் மழைநீரைப் பள்ளத்தில் மண் கரை போட்டு நிறுத்துவார்கள். நம் கண்மாய் மாதிரிதான், ஆனால் பாசனம் கிடையாது. தண்ணீர் மண்ணில் இறங்கட்டும் என்று விட்டுவிட்டு, ஈரம் பிடித்த அந்தத் தரையிலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அதற்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். குல்தராவுக்குத் தெற்கே இருந்த கடீன் இரண்டரை கி.மீ. நீளம், இரண்டு கி.மீ. அகலம்.

இந்தப் பக்கத்துக் கிழவர்கள் தண்ணீரை மூன்றாகப் பிரித்துப் பேசுவார்கள். மழையாக வந்து தேங்குவது பாலர் பானி. ஆழத்தில் இருப்பது பாதாள பானி, அது பல இடங்களில் உப்பு. இரண்டுக்கும் நடுவே, ஜிப்சம் படிவத்துக்கு மேலே மணலில் ஈரமாகத் தங்குவது ரேஜாணி பானி. நான் கல்லூரியில் வருஷக்கணக்கில் படித்ததை அவர்கள் மூன்று சொல்லில் வைத்திருக்கிறார்கள். இதைப் பற்றி யாராவது வீடியோ போடுங்களேன்.

சாலிம் சிங் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய கொடுமையால் பாலிவால்கள் வெளியேறினார்கள் என்பது டாட் எழுத்திலேயே இருக்கிறது. கிணறு வற்ற வற்ற விளைச்சல் குறைந்தது. அரசு கேட்ட வரி மட்டும் குறையவில்லை. ஊரைக் காலி செய்ய இது போதும். 2017-ல் கரன்ட் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, சரிந்த கூரைகளையும் விழுந்து கிடக்கும் உத்தரங்களையும் தூண்களையும் வைத்து நிலநடுக்கமும் காரணமாக இருக்கலாம் என்கிறது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கண் முதலில் போவது கிணற்றுக்குத்தான்.

தண்ணீர் போன ஊர் எப்படிக் காலியாகும் என்பதை என் வேலையில் நேரில் பார்த்திருக்கிறேன். முதலில் மாடு வைத்திருப்பவன் கிளம்புவான். பிறகு அந்த ஊருக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். வாலிபப் பிள்ளைகள் டவுனுக்குப் போய்விடுவார்கள். கடைசியில் கிழவனும் கிழவியும் நாலு ஆடும் மிஞ்சும். இத்தனைக்கும் முப்பது, நாற்பது வருஷம் பிடிக்கும். அப்படிப்பட்ட ஊர்களுக்கு யாரும் வீடியோ எடுக்க வருவதில்லை.

போகிறவர்கள் தயவுசெய்து இதையாவது கேளுங்கள்.

கூரை மேல் ஏறாதீர்கள். சீர்செய்து வைத்த ஒன்றிரண்டு வீடுகளைத் தவிர மற்றவை எல்லாம் இடிபாடு. சுவரில் சாயவும் வேண்டாம். கிணற்று விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுப் படம் எடுப்பதை எந்த அப்பா அம்மா பார்த்தாலும் நெஞ்சு பதறும். வற்றிய கிணறுதானே என்று நினைக்காதீர்கள். தண்ணீர் இருக்கும் கிணற்றில் விழுந்தால் தூக்குவதற்காவது நேரம் கிடைக்கும்.

இரவில் தங்கிக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டாதீர்கள். பொழுது சாய்ந்ததும் வாசலைப் பூட்டிவிடுவார்கள், சுவர் ஏறிக் குதிப்பது குற்றம். இந்தப் பகுதியில் சுருட்டை விரியன் உண்டு. பகலில் கல்லிடுக்கில் கிடந்து இருட்டியதும் வெளியே வரும் பாம்பு அது. செருப்புக் காலோடு, செல்போன் வெளிச்சத்தில் இடிபாட்டுக்குள் நடப்பவனுக்கு அதைவிட வேறு பேய் வேண்டாம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை போகவே வேண்டாம். 45 டிகிரியைத் தாண்டும். மற்ற மாதங்களிலும் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும், காரில் வைத்துவிட்டு இறங்காதீர்கள்.

பானை ஓடு கிடக்கிறதே என்று பையில் போடாதீர்கள். அழகான மண்பாண்டம் புழங்கிய ஊர் அது, அந்த ஓடும் அவர்கள் வரலாறுதான். சுவரில் பெயர் கீறாதீர்கள். தேவ்லி என்று சொல்லும் நடுகற்கள் இருக்கின்றன. அதில் இரண்டு, 1235-லும் 1238-லும் இறந்துபோனவர்களுக்காக நட்டவை. கி.பி. 623-ல் தொடங்கும் பட்டிக் சம்வத் என்ற ஆண்டுக் கணக்கில் வருஷம் வெட்டியிருக்கிறார்கள். குல்தர் என்ற அவர்கள் குலப் பெயரும் கல்லில் இருக்கிறது, ஊர்ப் பெயர் அதிலிருந்து வந்ததுதான். போன தடவை அப்படி ஒரு கல் மேல் ஒரு குடும்பம் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அது ஒருவருடைய சமாதி அம்மா, எழுந்திருங்கள் என்று கைகூப்பிச் சொன்னேன். அந்த அம்மா பதறிப்போய் எழுந்து கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தெரிந்தால் யாரும் செய்ய மாட்டார்கள்.

கால் உடைந்த பையன் இப்போது வீட்டில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறான். சரியானதும் மறுபடி வருகிறேன் சார், அந்தக் கிணற்றுக் கல்லைக் காட்டுங்கள் என்று மெசேஜ் அனுப்பினான். தை மாதம் வாப்பா என்றேன். அதற்கு முந்தின மழைக்காலம் ஏமாற்றாமல் இருந்தால், இந்தப் பக்கத்துக் கடீன்களில் அப்போது கோதுமை முழங்கால் உயரம் நிற்கும். இன்றைக்கும் அதே முறையில்தான் விதைக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் கரை மேலேயே நடங்கள், பயிரை மிதிக்காதீர்கள்.