இன்க்ளூசிவ் ஆர்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

உடற்குறை உள்ளவர்களும் இல்லாதவர்களும் சரிசமமாகக் கூடிப் படைக்கும் நடனம், நாடகம், ஓவியம் முதலியவற்றை இன்க்ளூசிவ் ஆர்ட் என்கிறார்கள். சர்வதேச மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 அன்று மட்டும் மாற்றுத்திறனாளிகளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவைக்கும் விழாக்களுக்கும் இந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள், பொருந்தாது.

சொல்லின் வேர் ‘இன்க்ளூதெரே’ என்னும் இலத்தீன் வினை. உள்ளே வைத்து மூடுதல் என்று பொருள். தமிழில் ‘உள்ளடக்கிய கல்வி’யைப் பார்த்து ‘உள்ளடக்கிய கலை’ என்று எழுதுகிறோம். இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் ‘அடக்கு’ என்ற வினையில் அடக்குமுறையும் சேர்ந்தே ஒலிக்கிறது. போதாததற்கு, சேர்த்துக்கொள்ளும் பெருந்தன்மை ஒருவருக்கு, நன்றி சொல்லும் கடமை இன்னொருவருக்கு என்றாகிவிடுகிறது.

லண்டனில் 1991இல் தொடங்கிய கேண்டோகோ நடனக் குழுவை எடுத்துக்கொள்வோம். நிறுவியவர்களுள் ஒருவரான செலஸ்ட் டேண்டேக்கர் தேர்ந்த நடனக் கலைஞர். மேடையில் ஆடும்போது விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தவர். அவரை யார் கலைக்குள் சேர்த்துக்கொள்வது? அவர் முன்பே உள்ளே இருந்தவர்.

உடற்குறை வேறு, சமூகத்தால் முடக்கப்படுவது வேறு என்று பிரிட்டனில் உடற்குறையுள்ளோர் அமைப்பு ஒன்று 1976இலேயே பிரித்துக் காட்டியது. கால் நடவாதது குறை. படிக்கட்டு மட்டும் வைத்துக் கட்டிய அரங்கம் முடக்குவது.

நம்மிடமும் பெயர்கள் மாறியபடியே வந்திருக்கின்றன. புறநானூற்றின் 28ஆம் பாடல் கூன், குறள் (குள்ளம்), ஊமை, செவிடு உள்ளிட்ட எட்டையும் ‘எச்சம்’, அதாவது குறை என்கிறது. ‘ஊனமுற்றோர்’ என்ற அரசு வழக்கு, 2010இல் ‘மாற்றுத்திறனாளி’ ஆனது. மரியாதையான சொல்தான். என்றாலும் அதிலுள்ள ‘திறன்’ மெல்ல ஒரு நிபந்தனையாகிவிடுகிறது: பார்வையற்றவர் என்றால் அருமையாகப் பாட வேண்டும் என்று அவை காத்திருக்கிறது. சுமாராகப் பாடும் உரிமை மற்றவர்களுக்கு மட்டும்தானா?

‘எல்லோருக்குமான கலை’ என்பாரும் உண்டு. அது பார்வையாளரைச் சொல்கிறது, படைப்பவரைச் சொல்லவில்லை. ‘சமபங்குக் கலை’ என்பதே என் தேர்வு. கதை, காசு, கைத்தட்டல் மூன்றிலும் பங்கு உண்டா என்று கேட்க வைக்கும் சொல் அது. மேடைக்குச் சாய்தளம் இல்லாத அரங்கத்தின் அழைப்பிதழில் மட்டும் இதை அச்சிட வேண்டாம்.