ஆயில் லைட் எரியவே எரியாத வண்டிதான் எனக்குப் பயம்

"ஆயில் லைட் எரியுது சார், சென்டரை மட்டும் மாத்திக் குடுங்க." அம்பாசடரோ பத்மினியோ, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பட்டறைக்குள் நுழையும்போதே முடிவையும் எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். பல நேரம் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். மற்ற நேரங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சென்டர் (sender) என்றால் இன்ஜினின் ஆயில் அழுத்தத்தை உணரும் சிறு பாகம். விளக்கு மட்டும் உள்ள வண்டியில் அது வெறும் சுவிட்ச்தான். இன்ஜின் பிளாக்கில் ஆயில் ஓடும் பாதையில் திருகி வைத்திருப்பார்கள். அழுத்தம் சுமார் 5 முதல் 7 பி.எஸ்.ஐ.க்குக் (psi, அழுத்தத்தை அளக்கும் அலகு) கீழே போனால் ஒயரை எர்த்தோடு சேர்த்துவிடும், விளக்கு எரியும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓட்டத்தில் 40 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய இன்ஜின் 12-க்கு இறங்கிப் பேரிங் தேய்ந்துகொண்டிருந்தாலும் அந்த விளக்கு வாயைத் திறக்காது.

அதைவிட மோசம், சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டிய விளக்கு எரியாமல் இருப்பது. இன்ஜின் ஓடாதபோது அழுத்தம் இல்லை, ஆகவே எரிந்தே ஆக வேண்டும். எரியாவிட்டால் பல்போ ஒயரோ சுவிட்ச்சோ செத்திருக்கிறது. "லைட்டே வரலை, வண்டி சூப்பரா இருக்கு" என்று ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

சோதிப்பது எளிது. சாவியை மட்டும் ஆன் செய்து சென்டரின் ஒயரைக் கழற்றுங்கள், விளக்கு அணைய வேண்டும். அணையவில்லையென்றால் ஒயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது. எரியாத விளக்கு என்றால், கழற்றிய ஒயரின் முனையை பிளாக்கில் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் பல்பும் ஒயரும் நலம், சந்தேகம் சென்டர் மேல். முள் மீட்டர் உள்ள வண்டியிலும் இதே சோதனைதான், ஆனால் ஒரு நொடிக்கு மேல் எர்த்தில் வைக்காதீர்கள். ஆயில் முள்ளோடு பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் சென்டரை விட்டுவிட்டு, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்து இந்த முள்களுக்கெல்லாம் சீரான மின்சாரம் கொடுக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பாருங்கள்.

ஓடும்போது விளக்கு வந்தால் வண்டியை நிறுத்தி, ஆயில் அளவைப் பார்த்துவிட்டு, சென்டரைக் கழற்றி அந்த ஓட்டையிலேயே மெக்கானிக்கல் கேஜ் (ஒயர் இல்லாமல் ஆயில் அழுத்தத்தை நேரடியாகக் காட்டும் மீட்டர்) ஒன்றை மாட்ட வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு 1000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய கணக்கு. கேஜ் சரியாகக் காட்டினால் மட்டுமே சென்டரைக் குற்றவாளி என்பேன். குறைவாகக் காட்டினால் ஸ்ட்ரெயினர் (ஆயிலை வடிகட்டும் சல்லடை) அடைப்பு, ரிலீஃப் வால்வு (அழுத்தம் மீறாமல் காக்கும் வால்வு), தேய்ந்த பேரிங் என்று தேட வேண்டும். 20டபிள்யூ-50 என்ற கெட்டியான ஆயிலை ஊற்ற வேண்டிய இன்ஜினில் தண்ணி மாதிரி ஆயிலை ஊற்றிவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அடியிலிருந்து டொக் டொக் சத்தம் வந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், இழுத்துக்கொண்டு வாருங்கள்.

மாற்றும்போது ஆளைக் கவிழ்ப்பது மரைதான். மரையில் இரண்டு வகை உண்டு: 1/8 என்.பி.டி. (அமெரிக்க அளவு) என்றால் அங்குலத்துக்கு 27 மரை, 1/8 பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் அளவு) என்றால் 28. கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், கையால் இரண்டு மூன்று சுற்று இறங்கவும் செய்யும், அப்புறம் இறுகும். அங்கே ஸ்பேனரைப் போட்டு நெருக்கினால் பிளாக்கின் மரை போய்விடும், ஐந்நூறு ரூபாய் வேலை இன்ஜினையே பிரிக்கும் வேலையாகும். கடைக்குப் பழைய சென்டரைக் கையோடு எடுத்துப் போய் ஒப்பிட்டு வாங்குங்கள். வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் போதாது, இத்தனை வருடத்தில் யார் எந்த அடாப்டரைச் சொருகியிருக்கிறார்களோ.

டெஃப்லான் டேப் சுற்றுவதிலும் நம்மவர்களுக்குக் கை தாராளம். ஒற்றை ஒயர் சென்டருக்கு மரைதான் எர்த், டேப்பை மூட்டையாகச் சுற்றினால் எர்த் போய், புது சென்டரும் வேலை செய்யாது. முனையிலிருக்கும் மரையை வெறுமையாக விடுங்கள். இல்லாவிட்டால் டேப் துணுக்கு ஆயில் பாதைக்குள் போகும். திருகும்போது ஸ்பேனர் அறுகோணத்தில்தான் பிடிக்க வேண்டும், சென்டரின் டப்பா போன்ற உடம்பில் குறடு போட்டால் நசுங்கிவிடும்.

மாட்டியதும் ஸ்டார்ட் செய்து, சில நொடிகளில் விளக்கு அணைகிறதா பாருங்கள். ஒரு நீண்ட ஓட்டம் போய் வந்த சூட்டோடு சென்டரின் அடியையும் ஒயர் மாட்டும் முனையையும் துணியால் துடைத்துப் பாருங்கள். முனையிலேயே ஆயில் ஈரம் தெரிந்தால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது. புதிது என்று பார்க்காமல் கடையில் திருப்பிக் கொடுங்கள்.