கறுப்பு மணலும் கற்கண்டு நூலும்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை வடிந்ததும் மணலில் கறுப்புக் கோடுகள் தெரியும். அதில் ஒரு கை அள்ளிய அக்கா மகள், "மாமா, போன்ல இருக்கிற சிப் இந்த மண்ணுல இருந்துதானே செய்யிறாங்க? டீச்சர் சொன்னாங்க" என்றாள்.

டீச்சர் சொன்னது பாதி சரி. ஆனால் அவள் கையில் இருந்த மண் அதற்கு ஆகாது. அந்தக் கறுப்பு இல்மனைட், டைட்டானியத்தின் தாது. அதோடு ரூட்டைல், சிர்கான், கார்னெட், தோரியம் உள்ள மோனசைட் எல்லாம் கலந்திருக்கும். பக்கத்திலேயே இருக்கிற, மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலையில் காந்தமும் மின்சாரமும் வைத்து இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். சிப்புக்கு வேண்டியது சிலிக்கான். அதற்கு வெங்கச்சங்கல் என்று நாம் சொல்லும் குவார்ட்ஸ் வேண்டும். அதற்கொன்றும் பஞ்சமில்லை, பூமியின் மேலோட்டில் ஆக்சிஜனுக்கு அடுத்தபடி அதிகம் இருப்பதே சிலிக்கான்தான். ஆகவே மண் வைத்திருப்பவன் சிப் செய்துவிட முடியாது. அழுக்கை விரட்டத் தெரிந்தவன்தான் செய்வான்.

எவ்வளவு அழுக்கு? குவார்ட்சைக் கரியோடு சேர்த்து மின்வில் உலையில் உருக்கினால் 98, 99 சதவீதச் சிலிக்கான் வரும். அது அலுமினியத்தோடு கலக்கத்தான் லாயக்கு. சிப்புக்கு, நூறு கோடி அணுவில் ஒன்று வேற்றணுவாக இருந்தாலே அதிகம். திடப்பொருளை அந்த அளவுக்குச் சலிக்க வழியில்லை. எனவே ஹைட்ரஜன் குளோரைடோடு சேர்த்து டிரைகுளோரோசிலேன் என்ற திரவமாக்குகிறார்கள். அது கொதிப்பது 32 டிகிரியில். நாகர்கோவில் மத்தியான வெயிலே போதும். அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்து, அந்த ஆவியிலிருந்து சிலிக்கானை மறுபடி திடமாகப் படியவிடுகிறார்கள்.

அடுத்த கட்டம் எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம், வேறு பொருளில். பாட்டி அக்கானியை, அதாவது பதநீரை, பாகு பதத்துக்குக் காய்ச்சி, உள்ளே நூல் கட்டிய பானையில் ஊற்றி மண்ணில் புதைத்து வைப்பாள். ஒரு மாதத்துக்கு மேல் கழித்துத் தோண்டினால் நூல் முழுக்கப் பனங்கற்கண்டு. ஒரு தடவை பொறுக்க முடியாமல் நான் இடையிலேயே தோண்டி, பானையை நன்றாக ஆட்டிப் பார்த்தேன். அந்த முறை கற்கண்டுக்குப் பதில் பொடிதான் கிடைத்தது, முதுகில் இரண்டும் கிடைத்தது. ஆட்டினால் ஆயிரம் இடத்தில் படிகம் தொடங்கிவிடும், எதுவும் பெரிதாகாது.

சிலிக்கானுக்கும் இதே கதைதான், கண்டிப்பு மட்டும் கூடுதல். 1414 டிகிரிக்கு மேல் உருகி நிற்கும் சிலிக்கானில், நூலுக்குப் பதில் பென்சில் போன்ற ஒரு விதைப் படிகத்தைத் தொட வைத்து, சுழற்றிக்கொண்டே மெல்ல மேலே இழுக்கிறார்கள். கற்கண்டில் நூறு படிகம் ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே நூறு கிலோவுக்கும் மேற்பட்ட உருளை முழுவதும் ஒரே படிகம். 1916-இல் போலந்துக்காரர் யான் சோக்ரால்ஸ்கி கண்டுபிடித்த முறை இது. பேனாவை மைக்கூட்டில் தோய்ப்பதாக நினைத்து உருகிய வெள்ளீயத்தில் தோய்த்துவிட்டார், முனையில் கம்பியாக வெள்ளீயம் வந்தது என்று சொல்வார்கள். உருளையை முக்கால் மில்லிமீட்டர் தடிமனுக்கு அறுத்துக் கண்ணாடி போல மெருகேற்றினால் வேஃபர்; 30 சென்டிமீட்டர் அகலத் தட்டு.

தட்டின் மேல் கோலம் போடுவது அடுத்தது. ஓட்டை போட்ட தட்டை வைத்துப் பொடியைத் தட்டினால் கோலம் விழுமே, அதுபோல இங்கே பொடிக்குப் பதில் ஒளி. வேஃபரில் ஒளிபட்டால் மாறும் ஒரு பூச்சைத் தடவி, மறைப்புத் தகட்டின் வழியாக ஒளியைப் பாய்ச்சி, பூச்சு போன இடத்தை அரித்தெடுத்து, மின்சாரம் ஓடும் விதத்தை மாற்ற வேண்டிய இடத்தில் மட்டும் போரானையோ பாஸ்பரசையோ அளந்து செலுத்தி, மேலே உலோகம் படியவிட்டு, மெருகேற்றி, மறுபடி அடுத்த அடுக்கு. இப்படிப் பல பத்து அடுக்குகள்.

மழுங்கிய பென்சிலால் பொடி எழுத்து எழுத முடியாது. ஒளிக்கும் அதுதான், அலைநீளம் குறையக் குறையத்தான் கோடு மெலியும். இன்றைய உச்சம் 13.5 நானோமீட்டர் ஒளி (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்). அதை உண்டாக்கும் விதத்தைப் படித்தபோது முதலில் நான் நம்பவில்லை. உருகிய வெள்ளீயத் துளிகள் வினாடிக்கு 50,000 வீதம் பறந்து வர, ஒவ்வொன்றையும் லேசர் ஒருமுறை அடித்துத் தட்டையாக்கி, மறுமுறை அடித்துப் பிளாஸ்மா என்ற கொதிவாயுவாக்குகிறது. அதிலிருந்து வரும் ஒளியைக் காற்றே விழுங்கிவிடும், கண்ணாடி லென்சும் விழுங்கிவிடும். அதனால் எல்லாம் வெற்றிடத்துக்குள், லென்சுக்குப் பதில் ஆடிகளோடு. இந்த இயந்திரத்தைச் செய்வது உலகத்திலேயே ஒரே ஒரு கம்பெனி, நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். அதற்கான ஆடிகள் ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனியிடமிருந்து வருகின்றன.

இயந்திரத்தை வாங்கிவிட்டால் போதுமா? உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1960-களில் டிரான்சிஸ்டர்கள், அதாவது சிப்புக்குள் இருக்கும் பொடி மின்சுவிட்சுகள், காரணமே தெரியாமல் குணம் மாறின. கடைசியில் பிடிபட்ட திருடன் சோடியம். விரல் வேர்வையில் இருக்கிற அதே உப்பு, மின்சாரத்தைத் தடுக்கும் ஆக்சைடு படலத்துக்குள் நுழைந்து அங்குமிங்கும் நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பியையே தின்றுவிடும் குளச்சல் கடற்காற்றை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சிப் ஆலையில் தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டுதான் நுழைய முடியும். காற்றையும் தண்ணீரையும்கூட வடிகட்டி வடிகட்டித்தான் உள்ளே விடுவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 வேலைப்படிகள், ஒவ்வொன்றிலும் 99 சதவீதம் சரியாக வருகிறது என்று வையுங்கள். பரீட்சையில் அந்த மார்க் எடுத்தால் இனிப்பு வாங்கிக் கொடுப்போம். சிப்பில், கடைசியில் ஆயிரத்துக்கு இரண்டு மூன்றுதான் தேறும். படிக்கு 99.9 என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேல். வித்தை முழுக்க அந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் ஒன்பதில் இருக்கிறது. அது புத்தகத்தில் இருந்து வராது. தப்பு செய்து செய்து வருவது. 1987-இல் மாரிஸ் சாங் தைவானில் தொடங்கிய டி.எஸ்.எம்.சி. சொந்தமாகச் சிப் வடிவமைக்காமல், அடுத்தவர் வடிவமைப்பைச் செய்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்டதால் இந்தப் பழக்கம் அங்கே குவிந்தது. உச்சகட்டச் சிப்புகளில் அதோடு மல்லுக்கு நிற்பவை சாம்சங்கும் இன்டெலும்தான். விளம்பரத்தில் வரும் "3 நானோமீட்டர்" என்பது தலைமுறையின் பெயர், அளவெடுத்துப் போட்ட எண் அல்ல. அதை நம்பிச் சண்டை போட வேண்டாம்.

நம் நாட்டில் பஞ்சாபின் மொகாலியில் 1984 முதல் சிப் செய்யும் ஆலை உண்டு. 1989-இல் ஒரு தீ விபத்து அதைப் பெரிதும் பின்னுக்குத் தள்ளியது. இன்று அங்கே 180 நானோமீட்டர் முறை. பழசுதான், ஆனால் பக்கத்துத் திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தோடு சேர்ந்து அங்கே செய்த 'விக்ரம் 3201' என்ற சிப் ராக்கெட்டுக்கானது. ராக்கெட்டுக்குப் பொடிசை விட உறுதிதான் முக்கியம். குஜராத்தின் தோலேராவில் டாட்டா, தைவானின் பி.எஸ்.எம்.சி.யோடு 28 நானோமீட்டர் வரையிலான ஆலையைக் கட்டுகிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ இந்த மண்ணுல சிப்புக்கு ஒண்ணுமே இல்லையா மாமா?" என்றாள்.

இருக்கிறது மக்களே. அந்தச் சிர்கானுக்குள் ஹாஃப்னியம் என்ற உலோகம் கொஞ்சம் ஒளிந்திருக்கும். சிர்கோனியத்தின் இரட்டைப் பிறவி போன்றது, பிரிப்பது பெரும்பாடு. நியூட்ரான்களை விழுங்கும் என்பதால் அணு உலைக்கான சிர்கோனியத்தில் அது இருக்கக் கூடாது, அதனால் பிரித்தே ஆக வேண்டும். டிரான்சிஸ்டரில் மின்சாரத்தைத் தடுக்கும் ஆக்சைடு படலம் ஐந்தாறு அணு தடிமனுக்கு மெலிந்து கசியத் தொடங்கியபோது, 2007-இல் இன்டெல் அந்த இடத்தில் வைத்தது ஹாஃப்னியம் கலந்த படலத்தை.

அவள் கையை உதறாமல் மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.