ஆயில் ஸ்டார்வேஷன்: சேம்பர் நிறைய எண்ணெய், பேரிங்குக்குப் பட்டினி

ஸ்போர்ட்ஸ் காரை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோய் இன்ஜினைப் பறிகொடுத்தவர்கள் பேச்சில் தவறாமல் வரும் சொல் ஆயில் ஸ்டார்வேஷன். கேட்டவுடன் ஆயில் தீர்ந்துபோயிருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் வண்டியை நிறுத்தி டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் அளவாகவே இருக்கும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்கிறோமே, அந்தக் கதைதான்: எண்ணெய் இருந்தும் இன்ஜினின் பாகங்களுக்குப் போய்ச் சேராது.

ஸ்டார்வ் என்ற ஆங்கில வினைக்குத் தொடக்கத்தில் பசியோடு சம்பந்தமே கிடையாது. பழைய ஆங்கிலத்தில் அதற்குச் சாவது என்றுதான் பொருள், ஜெர்மனில் அதன் உறவுச் சொல்லான ஸ்டெர்பன் இன்றைக்கும் சாவதைத்தான் குறிக்கிறது. பிறகு குளிரில் சாவது, பசியில் சாவது என்று சுருங்கிக்கொண்டே வந்து கடைசியில் பசியில் நின்றுவிட்டது. ஸ்டார்வேஷன் என்ற பெயர்ச்சொல் 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஹென்றி டண்டாஸ் என்ற ஸ்காட்லாந்து அரசியல்வாதி 1775-இல் பிரிட்டிஷ் பார்லிமென்டில் இதைச் சொல்லப்போய், ‘ஸ்டார்வேஷன் டண்டாஸ்’ என்றே பட்டப்பெயர் வாங்கிக்கொண்டார்.

தமிழில் இதை ‘எண்ணெய்ப் பற்றாக்குறை’ என்று எழுதினால் தப்பு. அளவு குறைவு என்று அர்த்தமாகி, படிப்பவர் இன்னும் ஒரு லிட்டர் ஊற்றக் கிளம்பிவிடுவார். ‘எண்ணெய்ப் பட்டினி’தான் சரி, ஏனென்றால் வீட்டில் சோறு இருக்கும்போதும் ஒருவர் பட்டினி கிடக்கலாம்.

பட்டினி எப்படி வருகிறது என்று பார்க்க இன்ஜினுக்கு அடியில் போக வேண்டும். அங்கே எண்ணெய் தேங்கும் தொட்டிக்கு சம்ப் என்று பெயர். சதுப்பு நிலத்தைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல் அது, சுரங்கத்தின் அடியில் தண்ணீர் சேரும் குழிக்குப் பெயராகி அங்கிருந்து இன்ஜினுக்கு வந்தது. சென்னையில் வீட்டுவாசலில் தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி கட்டி சம்ப் என்கிறோமே, அதே சொல்தான். நம் ஊர் மெக்கானிக்குகளோ சேம்பர் என்பார்கள். எழுத்தில் ‘எண்ணெய்த் தொட்டி’ போதும்.

அந்தத் தொட்டியின் அடியில் முங்கியபடி ஒரு உறிஞ்சு குழாய் இருக்கிறது, பம்ப் அதன் வழியாகத்தான் எண்ணெயை இழுக்கிறது. வளைவில் வண்டி 1 ஜி, அதாவது புவியீர்ப்புக்குச் சமமான, பக்கவிசை வாங்கினால் எண்ணெயின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். ஸ்லிக் எனும் வழவழப்பான ரேஸ் டயர் போட்டு 1.2 ஜி வரை போனால் 50 டிகிரி. ஒரு நொடியில் முடிகிற வளைவென்றால் தப்பித்துவிடலாம், நீண்ட வளைவென்றால் எண்ணெய் முழுக்க ஒரு பக்கச் சுவரில் ஏறி நின்றுகொள்ள, குழாயின் வாய் வெளியே வந்து காற்றைக் குடிக்கும். 7,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 7,000 சுற்று) கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, நொடிக்கு 116 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதைத் தாங்கும் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருப்பது மைக்ரான் கணக்கில் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்தான், அது அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும். போர்ஷே 944-ஐ டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்கு இரண்டாம் நம்பர் ராட் பேரிங் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டின் பேரிங்) என்றாலே வயிற்றைக் கலக்கும், அந்த இன்ஜினில் முதலில் போவது அதுதான்.

இதற்குக் கெட்டியான ஆயில் ஊற்றினால் போதும் என்பவர்களை நம்ப வேண்டாம். குழாய் காற்றைக் குடிக்கும்போது ஆயில் கெட்டியாக இருந்தால் என்ன, தண்ணியாக இருந்தால் என்ன? செலவில்லாத முதல் வேலை, மேல் கோடு வரை ஆயில் நிரப்பிவிட்டுக் கிளம்புவது. அதற்கு மேலேயும் தாராளமாக ஊற்றினால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கிவிடும், நுரையும் காற்றும் ஒன்றுதான். அடுத்து தொட்டிக்குள் தடுப்புத் தகடு, அதாவது பேஃபிள். நல்ல பேஃபிளில் ஒருவழிக் கதவுகள் இருக்கும், எண்ணெயைக் குழாய்ப் பக்கம் உள்ளே விடும், வெளியே விடாது. அதுவும் போதாதென்றால் அக்யூமுலேட்டர். அழுத்தத்தில் எண்ணெயைச் சேமித்து வைத்து, பிரஷர் இறங்கிய கணத்தில் இன்ஜினுக்குள் தள்ளும் உருளை அது. டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கை மட்டும் நம்பக்கூடாது, பிரஷர் ஏறக்குறைய செத்த பிறகுதான் அது கண் விழிக்கும். தனியாக ஒரு பிரஷர் கேஜ் கட்டாயம் வேண்டும்.

முழுத் தீர்வு டிரை சம்ப். இன்ஜினுக்கு அடியில் எண்ணெயைத் தேங்கவே விடாமல் ஒரு பம்ப் இழுத்துத் தனித் தொட்டியில் சேர்க்கும், உயரமான அந்தத் தொட்டியிலிருந்து இன்னொரு பம்ப் இன்ஜினுக்கு அனுப்பும். ‘உலர் தொட்டி’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தொட்டியே காலி என்று தோன்றும், ‘தனித்தொட்டி முறை’ என்றால் விஷயம் புரிந்துவிடும். போர்ஷே 911-இல் 1964-இலிருந்தே இது உண்டு. 1972 மாடலில் ஆயில் ஊற்றும் மூடியை வலது பக்கம் வெளியே வைத்தார்கள், பங்கில் வேலை செய்தவர்கள் அதில் பெட்ரோல் ஊற்றிவிட்டதால்தான் அடுத்த வருடமே மாற்றினார்கள் என்பார்கள். 996 என்ற பிந்தைய 911 தலைமுறை வந்தபோது அதன் சாதாரண மாடலான கரேராவில் தனித் தொட்டியை எடுத்துவிட்டு, ‘இன்டக்ரேட்டட் டிரை சம்ப்’ என்று பெயர் வைத்தார்கள். பெயரில்தான் டிரை, எண்ணெய் இன்ஜினுக்கு அடியிலேயேதான் தேங்குகிறது. நிஜமான டிரை சம்ப் ஜிடி3 போன்ற வேகமான மாடல்களுக்குப் போனது.

இந்தக் கணக்கில் நம் திருவொற்றியூரில் செய்த பழைய இரும்பு இன்ஜின் புல்லட் அந்தக் கரேராவைவிட நேர்மையானது. கிராங்க் கேஸ் வார்ப்பிலேயே எண்ணெய்க்குத் தனி அறை, அனுப்ப ஒரு பம்ப், திருப்பி இழுக்க ஒரு பம்ப். பல நாள் நிறுத்தி வைத்தால் எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும், கிக் அடித்ததும் புகை தள்ளும். அந்தக் கோளாறுக்கு வெட் சம்பிங் என்று பெயர்.