போர் (சிலிண்டர் போர்) – உருளைத்துளை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மோட்டார் கடைக்குப் போய், வண்டி நீலப் புகை விடுகிறது, மினியாக் ஈத்தாமும் (எஞ்சின் எண்ணெயும்) குறைகிறது என்றால், "கோரெக் பண்ணிடலாம் அண்ணே" என்பார்கள். கோரெக் மலாய்ச் சொல், தோண்டுவது. தோண்டப்படும் இடம்தான் போர், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் துளை.

துளையிடு என்று பொருள்படும் பழைய ஆங்கில வினையிலிருந்து வந்த சொல் இது. போர்வெல்லும் அதே வேர்தான். சிலிண்டர் கிரேக்கம், உருள் என்ற வினையிலிருந்து பிறந்தது, நம் உருளையும் அப்படியே. அதனால் உருளைத்துளை என்பது கச்சிதமாகப் பொருந்துகிறது. புழை என்றும் சொல்லலாம், யானையின் கைக்குப் புழைக்கை என்ற பெயர் உண்டே, ஆனால் கடையில் யாருக்கும் புரியாது. இன்னொன்று: "50 மில்லிமீட்டர் போர்" என்னும்போது அது துளையல்ல, துளை விட்டம்.

இந்தத் துளை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. பிஸ்டனைச் சுற்றிய வளையங்களில் மேலே உள்ளது, அதாவது மேல் ரிங், நின்று திரும்பும் இடத்தில் சூடும் அழுத்தமும் அதிகம், எண்ணெய்ப் படலம் மெல்லியது, அங்கேதான் தேய்மானம் கூடுதல். அதற்கு மேலே ரிங் எட்டாத பகுதி தேயாமல் நின்றுவிடுவதால் விரல் நகத்தால் தடவினாலே ஒரு விளிம்பு தட்டும். பிஸ்டன் பக்கவாட்டில் சாய்ந்து அழுத்துவதால் வட்டம் முட்டை வடிவமாகவும் மாறும். மேலே, நடுவே, கீழே என மூன்று மட்டத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக, ஆக ஆறு அளவு எடுப்பது இதற்காகத்தான்.

துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் இல்லையா? ரிங்கை மட்டும் உள்ளே விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) மேலேயும் கீழேயும் பாருங்கள். மேலே 0.45 மி.மீ., கீழே 0.30 என்றால் வித்தியாசம் 0.15; அதை 3.14 ஆல் வகுத்தால் விட்டத்தில் சுமார் 0.05 மி.மீ. வித்தியாசம். வண்டியின் கையேட்டில் உள்ள எல்லையைத் தாண்டாவிட்டால் புது ரிங்கும் லேசான ஹோனிங்கும் (துளைச் சுவரைக் கல்லால் தேய்ப்பதும்) போதும், கோரெக் தேவையே இல்லை. தாண்டினால், 0.25, 0.50 மி.மீ. என்று ஏறும் ஓவர்சைஸ் (பெரிய அளவு) பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் கொடுங்கள், அப்புறம் அதை அளந்து துளையைக் குடையட்டும்.