யாரும் எடுக்காத ரோல் எப்பவும் ஒரே பிள்ளைக்கா போகுது?

மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் டவுன்ல ஒரு கடை வீட்டு மேல்மாடியிலதான் என் கவுன்சலிங் ரூம். சுத்தி உள்ள செம்பனைத் தோட்டங்கள்லேருந்தும் தாமான் குடியிருப்புகள்லேருந்தும் பெத்தவங்க பிள்ளைங்கள கூட்டிட்டு வருவாங்க, பாதிப் பேரு சொல்ற முதல் வார்த்தையே "எந்நேரமும் கேம்தான் டீச்சர்". போன வருஷம் வந்த ஒரு அம்மா சொன்னது மட்டும் வேற மாதிரி இருந்துச்சு. "இவன் அதட்டிக்கூட பேச மாட்டான் டீச்சர், தங்கச்சி அடிச்சா வாங்கிட்டு போயிருவான், அன்னிக்கு ராத்திரி என்னா ஆச்சுன்னே தெரில, ஹேண்ட்போன தூக்கி சுவத்துல அடிச்சிட்டான்." பையன் படிவம் 2 படிக்கிறான், தலைய குனிஞ்சே உக்காந்திருந்தான். அந்த அம்மாகிட்டயும் அவன்கிட்டயும் கேட்டுட்டுதான் இத எழுதுறேன், அடையாளம் தெரியிற விஷயங்கள மாத்தியிருக்கேன்.

அந்த ஹேண்ட்போன கொஞ்சம் காட்டுறியான்னு கேட்டேன். மேல் மூலையில விரிசல், விரல கிழிக்காம இருக்க அதுமேல டேப்பு ஒட்டியிருந்தான். மொபைல் லெஜண்ட்ஸ். அவன் ஆடின ஆட்டங்களோட பட்டியல தொறக்கச் சொல்லி நான் ஒன்னும் கேக்காம கீழ தள்ளிக்கிட்டே போனேன். டிக்ரியல், எஸ்டெஸ், டிக்ரியல், ஃபிராங்கோ, டிக்ரியல். எல்லாம் ஹீரோ பேரு. கடைசி 20 ஆட்டத்துல 17 ரோம், அதாவது மத்தவனுக்கு முன்னாடி நின்னு அடி வாங்குற வேலை. உனக்கு ரோம் பிடிக்குமான்னு கேட்டதுக்கு ரொம்ப நேரம் கழிச்சு சொன்னான், "யாரும் எடுக்க மாட்டாங்க டீச்சர், அப்புறம் டைம் முடிஞ்சிரும்."

அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுறேன்.

கேம் தெரியாத பெத்தவங்களுக்கு ஒரு தடவ சொல்லிடுறேன். மொபைல் லெஜண்ட்ஸ் 2016ல வந்த கேம், அஞ்சு பேருக்கு எதிர்ல அஞ்சு பேரு, மூனு பாதை, அதத்தான் லேன்ங்கிறாங்க, நடுவுல காடு, எதிராளியோட கோட்டைய யாரு முதல்ல ஒடைக்கிறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க, ஒரு ஆட்டம் சுமாரா 15 நிமிஷம் ஓடும். ஆட்டத்துக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு ஹீரோவ எடுக்கணும், ஹீரோவுக்கு ஏத்த வேலையும் இருக்கு. காட்டுல இருக்கிற மிருகத்த அடிச்சு வேகமா வளர்றவன் ஜங்லர். கோல்ட் லேன்ல பொறுமையா காசு சேர்த்து கடைசியில வெளுத்து வாங்குறவன் மார்க்ஸ்மன். எக்ஸ்பி லேன்ல தனியா நின்னு தாக்குப் பிடிக்கிறவன், மிட்ல மாயம் போடுற மேஜ், அப்புறம் ரோம். ரோம் பண்றவன் தனக்குன்னு காசு சேர்க்க முடியாது, மத்தவனுக்கு முன்னாடி நின்னு அடி வாங்கணும், புதருக்குள்ள யாரு ஒளிஞ்சிருக்கான்னு முதல்ல போய் பாக்கணும், பாதி நேரம் அதுலயே சாவான். ஆட்டம் முடிஞ்சு கணக்கு வரும்போது அவன் எத்தன பேர கொன்னான்ங்கிற எடத்துல சின்ன நம்பர்தான் இருக்கும், உடனே கூட்டாளிங்க என்னா சொல்வாங்கன்னு உங்க பிள்ளையவே கேட்டுப் பாருங்க.

அந்தப் பையனோட அப்பா தோட்டத்துல குலை வெட்டுறவரு, ரெண்டாவது தடவ அவரும் வந்தாரு, அவருக்கு இப்படித்தான் சொன்னேன். ஐயா, ஒருத்தரு நீளக் கம்பத்துல கட்டின அரிவாளால மட்டைய இறக்கி குலைய வெட்டுறீங்க, ஒருத்தரு தள்ளுவண்டியில ரோட்டோரம் கொண்டு போய் அடுக்குறாரு, ஒருத்தங்க குனிஞ்சு உதிரிப் பழத்த பொறுக்குறாங்க, எல்லாரும் நான்தான் வெட்டுவேன்னு நின்னா என்ன ஆகும்னு கேட்டேன். "குலை மரத்தடியிலயே கெடக்கும் டீச்சர்"னாரு. அப்புறம் அவரே சொன்னாரு, உதிரிய லேசா நெனக்கக்கூடாது, பழுத்து உதிர்ந்த பழத்துலதான் எண்ணெய் கூடன்னு. அப்ப பொறுக்குறவங்கள வருஷம் பூராவும் குனிய விட்டா முதுகு என்னா ஆகும்யான்னு கேட்டேன். அதுக்கு அவரு பதில் சொல்லல, மகனத்தான் பாத்தாரு.

டீமுக்கு ஏத்த ரோல் எடுக்கணும்னு கேம் தெரிஞ்சவங்க எல்லாரும் சொல்றாங்க, அது உண்மைதான், நானும் அதத்தான் சொல்றேன். ரெண்டு பேரு மார்க்ஸ்மன் எடுத்தா ஒருத்தனுக்கு காசே கெடைக்காது. காட்டு மிருகத்த அடிக்கன்னே இருக்கிற ரெட்ரிபியூஷன் ஸ்பெல் எடுத்த ஜங்லர் இல்லாம போனா ரெண்டாவது நிமிஷம் வர்ற டர்டல், எட்டாவது நிமிஷம் வர்ற லார்டுங்கிற ரெண்டு பெரிய மிருகத்தையும் எதிராளி நோகாம எடுத்துட்டு போயிருவான். இன்னொன்னு, அஞ்சு பேரும் மாயம் இல்லாம நேரடியா அடிக்கிற ஹீரோவா எடுத்தா எதிராளியோட டேங்க், அதாவது அடி தாங்குற ஹீரோ, அதுக்குன்னு இருக்கிற கவசத்த மட்டும் வாங்கிட்டு இரும்பு மாதிரி நிப்பான், மாயத்தால அடிக்க ஒருத்தனாவது வேணும். ரேங்க்னா ஜெயிச்சு ஏறுற படி, எபிக் ரேங்க்லேருந்து ரேங்க் ஆட்டத்துல ரெண்டு டீமும் மாத்தி மாத்தி ஹீரோவ தடை பண்ணி எடுக்கிற முறை வந்துரும், எதிராளி என்னா எடுக்கிறான்னு கண்ணுக்குத் தெரியும், அதனால தனக்குப் பிடிச்ச ஒரே ஹீரோவ கட்டிக்கிட்டு அழறவன் அங்க நிக்க முடியாது. குறைஞ்சது ரெண்டு ரோல்ல, ஒவ்வொன்னுலயும் ரெண்டு மூனு ஹீரோ கையில இருக்கணும்.

நம்ம ஊரு பிள்ளைங்களுக்கு இன்னொரு விஷயம் இருக்கு, லைன், அதாவது இன்டர்நெட். டவுன்ல வைஃபை இருக்கிற பையனும் தோட்டத்து லயத்துல டேட்டா போட்டு ஜன்னல் ஓரம் நின்னு ஆடுற பையனும் ஒன்னு இல்ல. ஆட்டத்துல மேல பிங், அதாவது லைன் எவ்வளவு தாமதமாகுதுன்னு, காட்டும், பச்சையா இருந்தா சரி, சிவப்பாயிருச்சுன்னா விரல் அழுத்தின பிறகுதான் ஹீரோ அசையும். அந்த லைன்ல ஃபேனிய எடுத்து கயிறு வீசிப் பறக்கிறதும் ஃபிராங்கோவ எடுத்து கொக்கி வீசுறதும் வீண், கொக்கி போய் சேர்றதுக்குள்ள ஆளு நகர்ந்துருவான். ஆனா எஸ்டெஸ் மாதிரி கூட நின்னு உயிர் ஏத்துற ஹீரோவ ஓரளவு ஓட்டிரலாம். இத ஏன் சொல்றேன்னா, லைன் இல்லாத பிள்ளைய கூட்டாளிங்க "உனக்கு ஆடத் தெரில"ன்னு திட்டுறாங்க, அந்தப் பிள்ளையும் அத நம்பிருது. சூடாகி நின்னு போற பழைய ஹேண்ட்போனுக்கும் இதே கததான். ரோல் பேசும்போது, டே இன்னிக்கு என் லைன் சிவப்புடா, ஜங்கல் வேணாம்னு வாய விட்டு சொல்லப் பழக்கணும், அது கொறச்சல் இல்ல.

இப்ப அந்தப் பையன் விஷயத்துக்கு வர்றேன். அவன் டீம் அஞ்சு பேரும் ஒரே தாமான் பசங்க, சின்ன வயசுலேருந்து கூட்டாளிங்க, கெட்ட பிள்ளைங்க யாரும் இல்ல. ஆனா எடுக்கிற நேரம் வந்தா நாலு பேரும் அவங்க அவங்க ஹீரோவ காட்டிருவாங்க, இவன் யாரு விட்டுக் கொடுப்பான்னு காத்திருந்து கடைசி நொடியில ரோம் எடுத்துருவான். அன்னிக்கு ராத்திரி, அப்படி எடுத்த ஆட்டத்துல தோத்துட்டு நாலு பேருல ஒருத்தன் "ரோம் சரியில்லடா"ன்னு மைக்ல சொன்னான், அவ்வளவுதான். பல மாசமா சேர்ந்தது ஒரு நொடியில சுவத்துல போய் விழுந்துச்சு.

என்கிட்ட வர்ற சண்டைகள்ல நெறைய இந்த மாதிரிதான் ஆரம்பிக்குது, கத்துற பிள்ளைய எல்லாரும் கவனிக்கிறோம், விட்டுக் கொடுத்துக்கிட்டே இருக்கிற பிள்ளைய நல்ல பிள்ளைன்னு சொல்லிட்டு விட்டுர்றோம். வீட்லயும் அதே பிள்ளதான் கடைக்கு ஓடும், பள்ளியில குழு வேலை குடுத்தாலும் அதே பிள்ளதான் எல்லாத்தையும் எழுதும். கேம்ல நடக்கிறது நமக்கு அத கண்ணுக்குத் தெரியிற மாதிரி காட்டிருது.

நீ உண்மையில என்னா ஆட ஆசப்படுறன்னு கேட்டேன். காகுரா. குடை வச்சிருக்கிற மேஜ், குடைய ஒரு பக்கம் எறிஞ்சிட்டு அது இருக்கிற எடத்துக்கே பாயலாம், பழக கஷ்டமான ஹீரோ. எல்லாரும் தூங்கின பிறகு கம்ப்யூட்டரே ஓட்டுற எதிராளிங்களோட மட்டும் தனியா ஆடிப் பழகியிருக்கான், மாசக்கணக்கா, கூட்டாளிங்க யாருக்கும் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை அஞ்சு பேரையும் வரச் சொன்னேன், ஆளுக்கு ஒரு மைலோ ஐஸ், ஆளுக்கு ஒரு தாளு. எனக்கு நல்லா வர்ற ரோல், ஆட ஆசையா இருக்கிற ரோல், கோவத்துல இருக்கும்போது எடுக்கவே கூடாத ரோல், இந்த மூனையும் அடுத்தவன் தாளப் பாக்காம எழுதுங்கன்னு சொன்னேன். ரெண்டு பேரு ஆசையில மிட்னு எழுதியிருந்தாங்க, ஆசையில ரோம்னு ஒருத்தனும் எழுதல, நல்லா வர்ற ரோல்னு அந்தப் பையன் மட்டும் ரோம் எழுதியிருந்தான். தாள எல்லாம் நடுவுல வச்சதும் ரூம் அமைதியாயிருச்சு. ஜங்லர் பையன்தான் முதல்ல பேசினான், "நீ கேட்டிருக்கலாம்லடா." இவன் சொன்னான், "கேட்டா சண்ட வரும்."

அங்கயே ஒரு முடிவு பண்ணாங்க. ஆட்டத்துக்குள்ள போறதுக்கு முன்னாடியே யாரு என்னான்னு பேசிரணும், எடுக்கிற நேரத்துல பேசக்கூடாது, அங்க ஓடுற நொடிக்கு எவனுக்கும் நிதானம் இருக்காது. ரோம் சுத்தி வரும், ரேங்க் ஏத்துற ஆட்டத்துல மட்டும் நல்லா ஆடுறவன் எடுப்பான், மத்த ஆட்டத்துல ஆளுக்கு ஒரு தடவ. முதல் மூனு ஆட்டமும் தோத்தாங்க. ஜங்லர் பையன் டிக்ரியல எடுத்துட்டு பாதி ஆட்டத்துல கத்தினான், "டே, மேப் பூரா நானேவாடா பாக்கணும்?" நான் சொல்லிக் குடுத்திருந்தாக்கூட அவனுக்கு இது இவ்வளவு சீக்கிரம் வெளங்கியிருக்காது.

பிள்ளைங்ககிட்ட ரோம் பெருமைய நான் பேச வேண்டியதே இல்ல, 2024ல ரியாத்ல நடந்த எம்எஸ்சிங்கிற மொபைல் லெஜண்ட்ஸ் சர்வதேசப் போட்டியில நம்ம மலேசிய டீம் சிலாங்கூர் ரெட் ஜையன்ட்ஸ் இறுதி ஆட்டத்துல பிலிப்பைன்ஸ் டீம 4க்கு 3ன்னு ஜெயிச்சாங்க, அந்த டீம்ல ரோம் ஆடினது யம்ஸ். அந்தப் பேர சொன்னாலே பசங்க நிமிர்ந்து உக்காருவாங்க. ஆனா யம்ஸ் அந்த வேலைக்குன்னே பயிற்சி எடுத்து ஆடுறவரு, டைம் முடியுதேன்னு பயந்து எடுத்தவரு இல்ல. இந்த வித்தியாசத்தத்தான் பிள்ளைங்க புரிஞ்சுக்கணும்னு ஆசப்படுறேன், பெத்தவங்களும்.

கேம் அடிமையான்னு கேக்கிறவங்களுக்கு ஒரு வார்த்த. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்ல கேமிங் கோளாறு இருக்கு, அந்தப் பட்டியல் 2022 ஜனவரியிலேருந்து நடைமுறையில இருக்கு. ஆனா அது, நிறுத்த முடியாம, மத்த எல்லாத்தையும் தள்ளிட்டு, கெடுதல் வந்தும் விடாம, பொதுவா 12 மாசமாவது ஓடினாத்தான். ஒரு நாள் ஹேண்ட்போன் ஒடைச்சதுக்கு அந்தப் பேர வைக்காதீங்க. தூக்கம், பள்ளி, சாப்பாடு மூனும் கெட்டு மாசக்கணக்கா ஆச்சுன்னா தள்ளிப் போடாம கூட்டிட்டு வாங்க, வர முடியலன்னா மலேசிய சுகாதார அமைச்சோட மனநல உதவி எண் ஹீல் லைன் 15555 இருக்கு.

வீட்ல உங்க பிள்ள ஆட்டம் முடிச்சு எழுந்திரிச்சா ஜெயிச்சியா தோத்தியான்னு கேக்காதீங்க, இன்னிக்கு நீ என்னா ரோல் எடுத்த, நீயா எடுத்தியா யாராச்சும் சொல்லி எடுத்தியான்னு கேளுங்க. ஒரு வாரம் தொடர்ந்து கேளுங்க, ஒரே பதில் வந்துச்சுன்னா பக்கத்துல உக்காந்து அந்தப் பட்டியல தொறக்கச் சொல்லிப் பாருங்க. எங்கிட்ட வர்றதா இருந்தா ஹேண்ட்போன பிடுங்கி பீரோவுல வச்சிட்டு வராதீங்க, கையோட எடுத்துட்டு வாங்க, சனிக்கிழமை காலையில இருப்பேன்.